கடலில் என்ன வேலை?

விலங்கியல் மூன்றாம் ஆண்டு மாணவி அவள். ராஜபாளையத்தில் பஞ்சாலைத் தொழிலாளி ஒருவரின் மகள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் முதுகலை படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. "பொம்பளப் பிள்ளைக்குக் கடல்ல என்ன தாயி வேலை?" என்று அப்பா கேட்டாராம். கோபத்தில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டிருக்கிறார். "நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க மிஸ்" என்றாள். தமிழ் சொல்லிக்கொடுக்கிற நான் கடலைப் பற்றி என்ன சொல்ல? ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. என் பாடநூல்களிலேயே அது இருக்கிறது.

தொல்காப்பிய அகத்திணையியலில் ஒற்றை வரி நூற்பா ஒன்று உண்டு. முந்நீர் வழக்கம் பெண்ணோடு இல்லை என்பது அதன் கருத்து. முந்நீர் என்பதை இளம்பூரணர் கடல் என்று கொண்டார்: கலம் ஏறிப் போகும் தலைவன் தலைவியை அழைத்துச் செல்வதில்லை. நச்சினார்க்கினியரோ அதை மூன்று நீர்மை என்று பிரித்தார்: ஓதல், தூது, பொருள் ஆகிய மூன்றுக்காகவும் பிரிந்து செல்லும்போது தலைவி உடன் செல்வதில்லை. முதுகலையில் இதை உரை வேறுபாடு என்று படித்தோம். எந்த உரை பொருத்தம் என்று தேர்வில் எழுதினோம். இரண்டு உரையும் ஒத்துப்போகும் இடத்தை நாங்கள் கேட்கவில்லை, எங்களுக்குக் கற்பித்தவர்களும் கேட்கவில்லை. கடல் என்றாலும் கல்வி என்றாலும் கரையில் நிற்பவள் பெண். கடலைப் படிக்க நினைக்கும் ஒரு பெண்ணுக்கு இரண்டு உரையும் சேர்ந்தே குறுக்கே நிற்கின்றன.

இது செய்யுள் மரபு, ஊர்ச் சட்டம் அல்ல என்று சொல்லலாம். சரிதான். ஆனால் மரபை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பது நம் பொறுப்பு. நெய்தல் என்றதும் 'இரங்கல்' என்று கரும்பலகையில் எழுதிவிடுகிறோம். அதே நெய்தல் பாட்டுகளில் உப்பு விற்கிற பெண்கள் இருக்கிறார்கள், மீன் உணக்கிப் புள் ஓட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பின்னணி என்று தாண்டிப்போகிறோம். அழுகிறவளுக்குக் கொடுத்த இடத்தை வேலை செய்கிறவளுக்குக் கொடுக்கவில்லை.

இந்தக் குற்றச்சாட்டு முதலில் என் மேல்தான் விழுகிறது. ராஜபாளையத்திலிருந்து பேருந்தில் அரை மணி நேரம் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாளின் ஊர். கடல் அங்கிருந்து எண்பது கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனாலும் அவள் பாட்டில் கடல் ஓயாமல் வருகிறது. திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் மழைக்குரியவனைக் கூப்பிட்டு, கடலுக்குள் புகுந்து நீரை மொண்டு மேலேறிப் பொழியச் சொல்கிறாள். நாச்சியார் திருமொழியின் ஏழாம் பதிகம் முழுக்க ஒரு சங்கிடம் பேசுகிறாள். மாதவனின் வாய் எப்படி மணக்கும், எப்படிச் சுவைக்கும் என்று அதைக் கேட்கிறாள்.

இந்தப் பதிகத்தைக் காதல் ஏக்கம் என்றும் உடலின் மொழி என்றும் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். இரண்டும் பொய்யல்ல. ஆனால் இந்த மாணவியின் கேள்விக்குப் பிறகு படித்தபோது ஐந்தாம் பாசுரம் என்னை நிறுத்தியது. உன்னோடு ஒரே கடலில் வாழ்ந்தவர்களை இன்னார் என்று ஒரு பொருட்டாக எண்ணுவார் யாரும் இல்லை என்று சங்கிடம் சொல்கிறாள். நீ ஒருத்தன்தான் அவன் கையேறினாய், வாயமுதம் உண்கிறாய். சங்கின் பேற்றைச் சொல்லும் வரியாகவே இதைப் படித்துவந்தோம். பேறு ஒன்றுக்குத்தான். எண்ணப்படாதவை ஒரு கடல் நிறைய. அந்தக் கடலை அவள் மறக்கவில்லை. ஒன்பதாம் பாசுரத்தில் வழக்கே தொடுக்கிறாள்: எல்லார்க்கும் பொதுவானதை நீ மட்டும் உண்டால் மற்றவர்கள் சண்டைக்கு வரமாட்டார்களா?

ஆண்டாளை விஞ்ஞானி ஆக்குவது என் நோக்கமல்ல. அவள் கேட்டது பக்தியின் கேள்வி. ஆனால் எண்ணப்படாதவர்களை எண்ணுவதையே வேலையாகக் கொண்ட ஒரு படிப்பு இருக்கிறது. அதுதான் உயிரியல் கடலியல். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளை நுண்வலையில் அரித்தெடுத்து, நுண்ணோக்கியின் கீழ் வகை பிரித்து, ஒரு லிட்டர் நீரில் எத்தனை என்று கணக்கிடுகிறார்கள். எதை எது தின்கிறது, எந்த வெப்பத்தில் எது குறைகிறது என்று பார்க்கிறார்கள். பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறையப் பாதி கடலில்தான், பெரும்பாலும் இந்தச் சிற்றுயிர்களால் நடக்கிறது. சங்கும் இந்தக் கணக்கில் உண்டு. மன்னார் வளைகுடாவின் மணலில் புழுக்களைத் தின்று வாழும் ஒரு நத்தையினம் அது. "அமுதம் இல்லை மிஸ், புழு" என்று மாணவி சிரித்தாள்.

இந்தக் கணக்கெடுப்பிலும் பெண்களுக்கு எளிதில் இடம் கிடைக்கவில்லை. இந்தியாவின் முதல் இரண்டு அண்டார்டிகப் பயணங்களில் பெண்கள் இல்லை. 1983 டிசம்பரில் புறப்பட்ட மூன்றாம் பயணத்தில்தான் கடலியலாளர் அதிதி பந்த், நிலவியலாளர் சுதிப்தா சென்குப்தா என்ற இருவர் கப்பலேறினார்கள். அதிதி பந்த் பிறந்தது நாக்பூரில். அதுவும் கடல் இல்லாத ஊர்தான். மிதவை உயிரிகளைப் பற்றி ஆலிஸ்டர் ஹார்டி எழுதிய புத்தகம் ஒன்று அவரை இந்தத் துறைக்கு இழுத்தது.

பட்டம் இல்லாமலே கடலை அறிந்த பெண்களும் இருக்கிறார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுக்கும் ராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள். 1986இல் அந்த 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆனபோது அவர்கள் தொழில் குற்றமாகிவிட்டது. பாசி மீண்டும் வளரட்டும் என்று எடுக்கும் நாட்களைத் தாங்களே குறைத்துக்கொண்டவர்கள் அவர்கள். 2015இல் சின்னப்பாலத்து லட்சுமி சீகாலஜி விருது பெற்றார். காப்பவர்கள் யார், கெடுப்பவர்கள் யார் என்று எழுதும் ஆய்வேடுகளில் இவர்கள் 'தகவலாளர்கள்' என்ற சொல்லுக்குள் அடங்கிவிடக் கூடாது. பரங்கிப்பேட்டைக்குப் போகும் பெண்ணிடம் நான் எதிர்பார்ப்பது இதையும்தான்.

நம் ஊருக்குக் கடல் இல்லை என்பதும் பாதி உண்மைதான். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் வைப்பாற்றுப் படுகையில் இருக்கின்றன. மேற்கு மலையில் பெய்வதும் நம் ஓடைகளில் நாம் கொட்டுவதும், வெள்ளம் வரும் ஆண்டில் அந்த மன்னார் வளைகுடாவுக்குத்தான் போய்ச் சேர்கின்றன. நமக்கு அங்கே வேலை இல்லையென்றாலும் நம் கழிவுக்கு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறேன். தொல்காப்பியத்தைப் பற்றி அவரிடம் பேசப்போவதில்லை. விடுதிக் கட்டணம், உதவித்தொகை, பரங்கிப்பேட்டைக்கு எந்த வண்டி என்றெல்லாம் விசாரித்து எழுதி வைத்திருக்கிறேன். கடலில் என்ன வேலை என்று கேட்டால், எண்ணுகிற வேலை என்று சொல்வேன். நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர் என்று நூலின் நுணுக்கத்தை எண்ணால் அறிந்தவர் அவர். கண்ணுக்குத் தெரியாததை எண்ணுவது என்ன வேலை என்று அவருக்குப் புரியும்.