எட்டுக் கிரேடுகளும் கிட்டார் கற்றலும்

கிட்டார் மாணவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைச் சொல்லத் தமிழகத்திலும் இலங்கையிலும் பரவலாகக் கைக்கொள்ளப்படும் அளவுகோல், ட்ரினிட்டி காலேஜ் லண்டன், 1889இல் தொடங்கப்பட்ட ஏபிஆர்எஸ்எம் ஆகிய லண்டன் தேர்வு அமைப்புகள் வகுத்த எட்டுக் கிரேடுகளாகும். ஒவ்வொரு கிரேடுக்கும் உரிய உருப்படிகள், ஸ்கேல் எனப்படும் சுர வரிசைகள், துணைத் தேர்வுகள் ஆகியவை முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்க, மாணவரை அறியாத தேர்வாளர் ஒருவர் கேட்டு மதிப்பெண் இடுகிறார்.

இம்முறையின் முதற்பெரும் நன்மை, பயிற்சியை ஆசிரியரின் விருப்புவெறுப்பிலிருந்து விடுவிப்பதாகும். பிடித்த திரைப்பாடலின் மெட்டை ஒரே தந்தியில் தேடி வாசிப்பதோடு நின்றுவிடக்கூடிய மாணவரை, வலக்கைச் சுட்டுவிரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்டவும், கட்டைவிரல் கீழ்ச்சுரங்களைத் தனியே தாங்கவும் பாடத்திட்டம் பழக்குகிறது. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற இளையராஜா, ட்ரினிட்டியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் சிறந்து தேறியவர் என்பது, இத்தகைய எழுத்துவழிப் பயிற்சி படைப்பாற்றலுக்குத் தடையன்று என்பதற்குப் போதிய சான்று.

குறைகள் மதிப்பெண் பங்கீட்டிலேயே தொடங்குகின்றன. ட்ரினிட்டியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் 100 மதிப்பெண்ணில் 66 மூன்று உருப்படிகளுக்கே உரியவை. தேர்ச்சிக்கு வேண்டியதோ 60. துணைத் தேர்வுகளை ஐந்தாம் கிரேடு வரை மாணவரே தேர்ந்துகொள்ளலாம் என்பதால், முன்பின் பாராத இசையைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் ‘சைட் ரீடிங்’கை ஒருமுறைகூடத் தொடாமல் அந்தக் கிரேடை எட்டிவிட முடியும். ஏபிஆர்எஸ்எம் செய்முறைத் தேர்விலோ 150க்கு 100 எடுத்தால்தான் தேர்ச்சி. உருப்படிகளுக்கு 90 மட்டுமே என்பதால் ஏனைய திறன்களை அறவே புறக்கணிக்க இயலாது. இவ்வகையில் அது மேலானது. ஆனால் அதே அமைப்பு 2020இல் அறிமுகப்படுத்திய, நான்கு உருப்படிகளைக் காணொளியாகப் பதிந்து அனுப்பும் தேர்வு, அந்தக் காப்பையும் தளர்த்திவிட்டது.

இத்தளர்வால் பியானோவைவிடக் கிட்டாருக்கே கேடு அதிகம். பியானோவில் ஒரு சுரத்துக்கு ஒரே கட்டைதான். கிட்டாரிலோ, விரல் வைக்காத முதல் தந்தியில் பிறக்கும் அதே ‘ஈ’ சுரம், இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டிலும், மூன்றாம் தந்தியின் 9ஆம் ஃப்ரெட்டிலும், நான்காம் தந்தியின் 14ஆம் ஃப்ரெட்டிலும் கிடைக்கிறது. நாதம் மட்டும் இடத்துக்கு இடம் மாறி, ஓரிடத்தில் பளிச்சென்றும் வேறிடத்தில் கனிந்தும் ஒலிக்கிறது. எழுதியிருக்கும் சுரத்தை எங்கே பிடிப்பது, அங்கிருந்து அடுத்த சுரத்துக்குக் கை எப்படி நகரும் என்று தீர்மானிப்பதே இக்கருவிக்குரிய தனி அறிவு. தேர்வு நூல்களில் அந்தத் தீர்மானத்தைப் பதிப்பாசிரியரே எடுத்து, இடக்கை விரல்களுக்கு 1 முதல் 4 வரையிலான எண்களாகவும், தந்திகளுக்கு வட்டமிட்ட எண்களாகவும் அச்சிட்டுத் தந்துவிடுகிறார். மூன்று உருப்படிகளை அந்த எண்களின் வழியே மாதக்கணக்கில் கைக்குப் பழக்கிய மாணவர், எண்கள் இல்லாத தாளைக் கண்டதும் முதல் நான்கு ஃப்ரெட்டுகளைத் தாண்டத் தயங்குகிறார். சான்றிதழ் இந்தத் தயக்கத்தைக் காட்டுவதேயில்லை.

பிறரோடு சேர்ந்து வாசிக்கும் திறனும் இவ்வாறே விடுபடுகிறது. சுட்டுவிரலால் ஆறு தந்திகளையும் ஒருசேர அழுத்தும் பார் கார்டுதான் தொடக்க மாணவரின் உண்மையான முதல் தடை. ‘எஃப்’ கார்டு தெளிவாக ஒலிக்காததால் கருவியையே கைவிட்டவர்கள் பலர். அதைக் கடந்து, பாடுபவரின் மூச்சறிந்து தாளம் பிசகாமல் துணைநிற்பது கிளாசிக்கல் கிரேடு எதிலும் மதிப்பிடப்படுவதில்லை. 1991இல் தொடங்கிய ராக்ஸ்கூல் என்னும் தேர்வு அமைப்பு, பின்னணி இசைப்பதிவோடு வாசிக்கச் சொல்லி இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. எனினும் பதிவு மாணவரைக் கேட்பதில்லை, அவர் தடுமாறினால் விட்டுக்கொடுப்பதுமில்லை.

விரலெண் இடாத சில வரிகளைக் கொடுத்து, அவற்றை இரு வேறு இடங்களில் வாசிக்கவும், எது ஏன் பொருந்துகிறது என்று விளக்கவும் கேட்கும் சிறு தேர்வு ஒன்றை ஒவ்வொரு கிரேடிலும் சேர்ப்பது கடினமன்று. அதுவரை, ஒரு தேர்வு முடிந்ததும் அடுத்த கிரேடின் நூலைத் திறக்காமல், எளிய உருப்படிகள் பலவற்றுக்கு மாணவரே விரலெண் இட்டு வாசிக்கச் சில மாதங்களை ஒதுக்கும் பொறுப்பு ஆசிரியருடையது. பெற்றோர் ஆண்டுக்கொரு சான்றிதழ் கேட்டாலும் அந்த மாதங்களை அவர் விட்டுத்தரலாகாது.