கெடுதி வினாதலில் புண்பட்ட விலங்கு

தினைப்புனம் காக்கும் தலைவியும் தோழியும் உடனிருக்கும் இடத்திற்கு வில்லேந்தி வரும் தலைவன், தன் அம்பு பட்டுத் தப்பிய விலங்கு இவ்வழி வந்ததோ எனக் கேட்பது அகப்பொருள் மரபில் நன்கு அறியப்பட்ட காட்சியாகும். தோழியைக் குறையுறும் தலைவன் ஊர், பெயர் ஆகியவற்றோடு கெடுதியையும் கூறுவான் என்பது தொல்காப்பியக் களவியல். நம்பியகப்பொருள் கெடுதி வினாதலைத் தனிக் கிளவியாக்குகிறது. திருக்கோவையார் வேழம் வினாதல், கலைமான் வினாதல் என இரு துறைகளில் பாடுகிறது. வினா பொய் என்பதும், அவன் நாடி வந்தது தலைவியையே என்பதும் கற்போர் அனைவரும் அறிந்தவை. அறிந்த அவ்வளவிலேயே விலங்கு கற்போர் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. குருதி ஒழுக ஓடிய கலைமான் 'சாக்கு' என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

ஆயின் பொய் பயன்பட வேண்டுமெனில் அது நம்பத்தக்கதாக இருத்தல் வேண்டும். எய்த மானைக் கைவிட்டு வேட்டுவன் திரும்பமாட்டான், அதன் தடம் பற்றி அயலார் புனம் வரையிலும் வருவான், கண்டோரை வினவுவான். இத்தகைய எதிர்பார்ப்பு குறிஞ்சி மாந்தரிடையே இல்லாதிருப்பின் தலைவனின் வினா முதற்சொல்லிலேயே நகைப்புக்கு இடமாகியிருக்கும். எனவே கெடுதி வினாதல் காதலின் உத்தியாக இருப்பதோடு, புண்பட்ட விலங்கைத் தொடர்தல் எய்தவனின் கடன் என்னும் வழக்கிற்கு மறைமுகச் சான்றாகவும் நிற்கிறது எனக் கருத இடமுண்டு.

அக்கடன் இரக்கத்திலிருந்து பிறந்ததா, உடைமை உணர்விலிருந்து பிறந்ததா என்பது எளிதில் தீராத வினா. கெடுதி என்பதற்கு இழந்த பொருள் என்றும் கேடு என்றும் பொருள் உண்டு. துறைப்பெயரில் முதற்பொருளே ஆள்கிறது. இழந்தவன் வேட்டுவன், இழக்கப்பட்டது விலங்கு. விலங்குக்கு நேர்ந்த கேடு அச்சொல்லின் மறுபொருளாக நிழலாடுகிறதே அன்றி முன்வந்து பேசப்படுவதில்லை.

புறப்பாடல்களில் இச்சிக்கல் எழுவதே இல்லை. வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாடலில் வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானையை வீழ்த்திப் புலி, கலைமான், பன்றி ஆகியவற்றையும் கடந்து புற்றிலுள்ள உடும்பில் சென்று தைக்கிறது. அங்குக் குற்றுயிராய்த் தப்பும் விலங்கு எதுவும் இல்லை. அவரே பாடிய 150ஆம் பாடலில் மான்கூட்டத்தைக் கொன்ற குருதி தோய்ந்த கழற்காலோடு வரும் நள்ளி, பசித்த பாணர்க்கு ஊன் சுட்டு ஊட்டும் வள்ளலாகவே போற்றப்படுகிறான். கொலை அங்கு உறுத்தலாகவில்லை. திருக்குறள் 772 முயலை எய்த அம்பினும் யானையைப் பிழைத்த வேலை உயர்த்துகிறது. அந்நிறுவையில் ஏறுவது வீரனின் மறமே, விலங்கின் உயிர் அன்று. உயிரை முழுமையாகக் கவரும் அம்பு புறத்தின் புகழுக்கு உரியதாக, புண் மட்டும் செய்து விட்டுவிடும் அம்பு அகத்திற்கு வந்து சேர்கிறது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு இவ்வகையில் ஊன்றிக் கற்கத்தக்கது. நாய்கள் வளைத்துக்கொள்ள அஞ்சி அகலும் மகளிரிடம் தலைவன் மென்மொழி கூறி, தன்னிடமிருந்து தப்பிய கெடுதி உண்டு என்கிறான். அது எவ்விலங்கு எனப் பாட்டு கூறவில்லை. மகளிர் விடை தரவில்லை. கெடுதியைச் சொல்லாவிடினும் தன்னோடு ஒரு சொல் பேசுதல் பழியாகுமோ எனக் கேட்டு நிற்கிறான். கெடுதி இங்கேயே பாதி கைவிடப்படுகிறது; விலங்கு கிடைக்காவிடினும் சொல் கிடைத்தால் அவனுக்குப் போதும். அப்பொழுது மதம் கொண்ட களிறு ஒன்று உண்மையாகவே வருகிறது. மகளிர் நடுங்கி அவனை அடைகின்றனர். அவன் விட்ட அம்பு களிற்றின் முகத்தில் ஆழ்கிறது. புண்ணிலிருந்து குருதி முகத்தில் வழிய, நெற்றி சிதைய, அது நில்லாது புறங்கொடுத்து ஓடுகிறது. பாட்டில் அனைவரும் காணப் புண்பட்ட விலங்கு இஃது ஒன்றே. இதனை ஒருவரும் தொடரவில்லை. அஞ்சற்க எனத் தேற்றும் சொல் தலைவிக்கு உரியதாகிறது; களிறு பாட்டிலிருந்து நீங்கிவிடுகிறது. காணாத விலங்கைத் தேடுவதாகச் சொன்னவன் கண்ட விலங்கைத் தேடவில்லை. தற்காப்பில் எய்தது வேட்டையாகாது என விடை கூறலாம். அவ்விடை எய்தவனின் குற்றத்தைத் தணிக்குமேயன்றி, புண்ணோடு காட்டில் திரியும் களிற்றின் நிலையை மாற்றாது. கபிலர் அப்புண்ணை ஒரு சொல்லில் முடிக்காமல் குருதியின் ஒழுக்கு வரை நின்று காட்டியிருப்பது கருதத்தக்கது.

அவரது அகநானூற்று 82ஆம் பாடலில் யானை சென்ற வழியை வினவி நின்றவனைப் பலரும் கண்டனர். கண்ணீர் வாரும் கண்ணும் மெலிந்த தோளுமாக இரவைக் கழிப்பவள் தான் ஒருத்தியே எனத் தலைவி வருந்துகிறாள். வேட்டைக்குரிய வருத்தம் அவள் உடலில் ஏறிவிட்டது. யானை என்னவாயிற்று என அவளும் கேட்கவில்லை. கேட்கும் நிலையில் அவள் இல்லை என்பதும் உண்மை.

புண்ணை விலங்கின் புண்ணாகவே காணும் பார்வை தமிழில் இல்லை எனக் கூறவியலாது. புலாலைப் பிறிதோர் உயிரின் புண் எனக் காட்டும் 257ஆம் குறள் அத்தகையது. எனினும் அக்குறளின் நோக்கு உண்பவனை நோக்கியது. எய்தவனின் மனநிலை அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

திருக்கோவையாரில் மாற்றம் நிறைவடைகிறது. அங்குக் கலைமானின் மேல் பட்ட அம்பு மகளிரின் கண்ணுக்கு ஒப்பிடப்படுகிறது. மானின் புண்ணைக் கேட்பவன் போலத் தன் புண்ணையே தலைவன் உரைக்கிறான். எய்தவன் எய்யப்பட்டவனாகிறான். உவமை நுட்பமானதே, ஆனால் அந்நுட்பத்திற்காக மான் தன் வலியையும் இழக்கிறது. அடுத்த துறை வழி வினாதல், அதனை அடுத்துப் பதி வினாதல், பெயர் வினாதல். கலைமானைப் பற்றிய வினா அதன்பின் எழுப்பப்படுவதில்லை.