கின்ஷாசா சிம்பனி: இரக்கத்துக்கு அப்பால் ஒரு வாத்தியக் குழு

கின்ஷாசா நகரின் வாத்தியக் குழுவைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் சைக்கிள் பிரேக் கம்பியில்தான் தொடங்குவார்கள். வயலின் நரம்பு அறுந்தபோது புதிது வாங்க வழியில்லாமல் பிரேக் கம்பியைப் பூட்டி வாசித்தார்கள் என்ற செய்தி யார் மனதையும் தொடும். ஆனால், பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அந்த வயலினில் என்ன வாசித்தார்கள், அதை எப்படி வாசித்தார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. 2010இல் வெளிவந்த 'கின்ஷாசா சிம்பனி' என்ற விவரணப் படத்தை முன்வைத்து இக்கேள்வியைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

படத்தின் நெறியாளர்கள் கிளவுஸ் விஷ்மன், மார்ட்டின் பேயர் என்ற இரு ஜேர்மனியர்கள். கொங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகரில் 1994ஆம் ஆண்டு அர்மோன் டியாங்கியெண்டா தொடக்கிய குழுவே படத்தின் பொருள். அவர் விமானியாக இருந்து தொழிலை இழந்தவர். இசைக் கல்லூரிப் படிகளை ஏறியவர் அல்லர். தாமே கற்று, பிறருக்கும் கற்பித்தவர். ஆரம்பத்தில் இருந்தவை சில வயலின்கள் மட்டுமே. ஒருவர் வாசித்து முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். படம் எடுக்கப்பட்டபோது பாடகர்களும் சேர்ந்து ஏறத்தாழ 200 பேர் இருந்தார்கள். பகலில் ஏதேதோ பிழைப்பு, மாலையில் ஒத்திகை.

டியாங்கியெண்டாவின் பாட்டனார் சைமன் கிம்பாங்கு. 1921இல் பெல்ஜிய ஆட்சியாளர்கள் அவரது சமய இயக்கத்துக்கு அஞ்சி அவரைச் சிறையிட்டார்கள். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. முப்பது ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்து 1951இல் சிறையிலேயே இறந்தார். அவர் பெயரால் அமைந்த திருச்சபையில்தான் இக்குழு பிறந்தது. ஐரோப்பியர் சிறையில் மாண்டவரின் பேரன் ஐரோப்பாவின் சங்கீதத்தைக் கையிலெடுக்கிறார். அதுவும் ரும்பா இசைக்குப் பேர்போன நகரில். (கொங்கோ ரும்பாவை 2021இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.) இசை தெரியாத ஊருக்கு யாரோ இசை கொண்டுவந்த கதை அல்ல இது. இவ்வளவு கனமான முரணுக்குப் படத்தில் போதிய இடம் இல்லை என்பது என் முதல் குறை.

இரண்டாவது குறை, பலரும் புகழ்ந்த காட்சிகளைப் பற்றியது. வாகனங்கள் இரைந்தோடும் தெருவில் ஒரு கலைஞர் தனியே நின்று தன் வாத்தியத்தை வாசிக்கிறார். பார்க்க அழகுதான். ஆனால் அந்த அழகு கமெராவுக்காக ஆக்கிவைத்த அழகு. வாத்தியக் குழுவொன்றின் உயிர் அதில் யாரும் தனியே இல்லை என்பதில்தானே இருக்கிறது? பக்கத்து ஆளின் வில் எங்கே போகிறது என்று கடைக்கண்ணால் பார்த்து வாசிப்பவரைத் தூக்கித் தெருவில் நிறுத்தினால் அவர் வறுமையின் படமாகிவிடுகிறார்.

படம் உயிர்பெறுவது ஒத்திகைக் கூடத்தில். பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பனியின் இறுதிப் பகுதி. லிங்காலாவும் பிரெஞ்சும் பேசும் நாவுகள் ஜேர்மன் சொற்களோடு போராடுகின்றன. மின்சாரம் நின்றுபோகிறது. வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு மின்சாரத்தைச் சரிபார்க்கப் போகிறவரும் குழுவில் ஒருவரே. இதைப் பார்த்து நாம் வியந்துகொண்டிருக்க, டியாங்கியெண்டாவுக்கு வியப்பே இல்லை. பிழைத்த இடத்தில் நிறுத்துகிறார், திருத்துகிறார், மறுபடி வாசிக்கச் சொல்கிறார். எங்கள் பக்கத்துக் களிகம்பு அண்ணாவியாரும் இப்படித்தான். ஒரு கம்பு தாளம் தவறினாலும் ஆட்டம் முழுவதையும் நிறுத்திவிடுவார்.

இனி, செவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயலின்கள் சில இடங்களில் சுருதி நழுவுகின்றன. பெண்குரல்கள் உச்சத்தில் நெடுநேரம் நிற்க வேண்டிய இடத்தில் திணறல் தெரிகிறது. அது தொழில்முறைப் பாடகர்களையும் வாட்டும் இடம் என்பது வேறு விடயம். மாறாக, அந்தப் புகழ்பெற்ற மெட்டு செலோவிலும் டபிள் பேஸிலும் மெல்லத் தொடங்கும் இடத்தில் இவர்களிடம் ஓர் அடக்கமும் நிதானமும் உண்டு. குழுவின் முகாமையாளர் ஒரு டபிள் பேஸைக் கழற்றிப் பார்த்து, அதைக் கொண்டே புதிது செய்யக் கற்றவர். அந்த வரிசை எழுப்பும் ஒலி என்னை ஈர்த்தது பிரேக் கம்பிக்காக அல்ல. நன்றாக வாசித்தார்கள் என்பதற்காகவே.

குறையைச் சொல்வது கல்நெஞ்சம் என்று சிலர் நினைக்கக்கூடும். கிராமத்துப் பாடசாலையில் பல வருடங்களாகப் படிப்பிக்கிறவன் என்ற வகையில் எனக்கு அந்தக் கருணை பழக்கமானது. தமிழ் மொழித் தினப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்றால், "கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய விசயம் சேர்" என்று முதுகில் தட்டுவார்கள். பிள்ளை எங்கே மூச்சுவிடத் தவறியது, எந்தச் சொல்லை விழுங்கியது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். அடுத்த வருடமும் பிள்ளை அதே சொல்லை விழுங்கும். நமது நூல் மதிப்புரைகளிலும் இதே கைதான் தட்டிக்கொண்டிருக்கிறது. யுத்தத்துக்குள் எழுதினார், இடம்பெயர்ந்து எழுதினார், அச்சிட வசதியில்லாமல் எழுதினார் என்று மூன்று பக்கம் போகும். கதை கதையாக நிற்கிறதா என்பதற்கு நாலு வரி மிஞ்சாது. எழுதியவரின் கஷ்டம் உண்மை. அதைச் சொல்லிவிட்டுப் பிரதியைத் திறந்து பார்க்காமல் போவதுதான் அவருக்குச் செய்யும் அவமதிப்பு. டியாங்கியெண்டா தம் வயலின்காரரை நிறுத்தும்போது அவரைப் பெரிய கலைஞராக எண்ணி நிறுத்துகிறார். படத்தின் நெறியாளர்கள் அந்த மரியாதையைப் பாதித் தூரம்தான் கொடுத்திருக்கிறார்கள். இசையைத் துண்டுதுண்டாகத் தந்துவிட்டு தெருவுக்கு ஓடுகிறார்கள். என்றாலும், ஒத்திகைக் காட்சிகளுக்காகவே இரண்டு முறை பார்க்கலாம்.

2013இல் லண்டனின் ரோயல் பில்ஹார்மோனிக் சங்கம் டியாங்கியெண்டாவுக்குக் கௌரவ உறுப்புரிமை வழங்கியது. 1822இல் பீத்தோவனுக்கு 50 பவுண் தர ஒப்புக்கொண்டு ஒரு புதிய சிம்பனியைக் கேட்டதும் இதே சங்கம்தான். அதுதான் இந்த ஒன்பதாவது.