ஹனிபாவின் லைனும் லெந்தும்

இந்தப் பத்தியில் வழக்கமாக வருவது கல்முனை சந்தாங்கேணி மைதானத்து உதைபந்தாட்டமும் கிரிக்கெட்டும்தான். இந்த வாரம் ஒரு பாடகர். நாகூர் ஈ.எம். ஹனிபா பிறந்தது 1925 டிசம்பர் 25இல். நூறு ஆண்டு கடந்துவிட்டது. அவரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் குரலைத்தான் புகழ்கிறார்கள். வெண்கலக் குரல், கணீர்க் குரல், சிம்மக் குரல் என்று அடைமொழிக்குப் பஞ்சமில்லை. நல்ல குரலை அல்லாஹ் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறான். அதை வைத்து அரை நூற்றாண்டுக்கு மேல் திறந்த வெளி மேடையைக் கட்டி ஆண்டவர்கள் எத்தனை பேர்? அதற்கு உடம்பு வேண்டும், மூச்சு வேண்டும், எந்தப் பந்தைத் தொடாமல் விடுவது என்ற தெளிவும் வேண்டும். இதெல்லாம் விளையாட்டு எழுதுகிறவன் பார்க்க வேண்டிய கணக்கு.

முதலில் மூச்சு. ஹனிபா வளர்ந்தது பொதுக்கூட்டங்களின் காலத்தில். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் என்பது அவரைப் பற்றி ஊர் ஊராகச் சொல்லப்படுவது. அந்தப் பழக்கம் மைக் வந்த பிறகும் அவரை விட்டுப் போகவில்லை. பழைய பதிவு ஒன்றைப் போட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதல் சொல்லிலேயே முழுக் குரலும் வந்து விழும். தயங்கித் தயங்கி மேலேறுகிற வேலை இல்லை. மூச்சு எடுப்பது பொருள் முடிகிற இடத்தில் மட்டும். சொல்லை நடுவில் அறுத்து மூச்சு வாங்கமாட்டார். வரியின் கடைசி நெடிலைப் பிடித்து நிறுத்தினால் அது ஆடாது, நேராக நிற்கும். ழகரமும் றகரமும் தனித்தனியாகக் கேட்கும். கமகம், பிருகா என்று கழுத்தை வளைக்கிற வித்தைகள் மிகக் குறைவு. கடலோரக் காற்றில் நெளிவு சுளிவுகள் கரைந்து போகும், நேர்க்குரல்தான் தூரம் போகும் என்பதை அனுபவத்தில் கண்டவர் அவர்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. கோரஸ். ஹனிபா ஒரு அடியைப் பாடியதும் பின்னால் இருப்பவர்கள் அதை வாங்கித் திரும்பப் பாடுவார்கள். கேட்பவருக்கு அது பாட்டின் அழகு. பாடுகிறவருக்கு அது ஓய்வு. அந்தச் சில விநாடியில் நெஞ்சு நிரம்பிவிடும். அடுத்த அடி மறுபடியும் உச்சத்திலேயே தொடங்கும். மணிக்கணக்கில் நடக்கும் கச்சேரியில் கடைசிப் பாட்டும் முதல் பாட்டைப் போலவே ஒலிப்பது இப்படித்தான்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதல்ல. பொல்லடி பார்த்தவர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். அண்ணாவியார் ஒரு அடியை எடுத்துக் கொடுப்பார். வட்டத்தில் நிற்பவர்கள் பொல்லை அடித்துக்கொண்டே திருப்பிப் பாடுவார்கள். காலும் கையும் ஓடும்போது பாட்டு தளராமல் இருப்பது அந்தப் பங்கீட்டால்தான். பக்கீர் பாவாக்களின் றபான் பாட்டிலும் இதே கொடுக்கல் வாங்கல் உண்டு. ஹனிபாவைத் தமிழ்நாட்டுப் பாடகராக நினைக்காமல் நம் வீட்டு ஆளாகவே அம்பாறைக் கரை எடுத்துக்கொண்டதற்கு மார்க்கம் ஒரு காரணம் என்றால், இந்தப் பாட்டு முறை இன்னொரு காரணம் என்பது என் கட்சி.

நாகூரோடு நமக்கு வேறு உறவும் இருக்கிறது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளி, நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ் பேரில் எழுந்தது. ஆண்டுதோறும் அங்கே கொடியேற்றம், கந்தூரி. 2004 சுனாமி கல்முனைக்குடியின் கரையோர வீடுகளைத் துடைத்துக்கொண்டு போனபோதும் பள்ளி நின்றது. நாகூர் தர்காவின் வாசலில் வளர்ந்த ஒருவரின் குரல் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்ததில் ஆச்சரியமென்ன? கொண்டுவந்து சேர்த்தது இலங்கை வானொலி. நோன்பு காலத்தில் முஸ்லிம் சேவையைத் திறந்து வைத்துவிட்டு கஞ்சி காய்ச்சிய வீடுகள் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை உண்டு. இசைக்கருவி கூடுமா, அவுலியாக்களைப் பாடலாமா என்ற வாக்குவாதம் நம் ஊர்களில் இன்னும் ஓயவில்லை. அந்த வழக்கை உலமாக்களிடம் விட்டுவிட்டு ஆட்டத்துக்கு வருவோம்.

பந்துவீச்சாளர்களில் ஒரு வகை உண்டு. வேகமும் காட்டமாட்டார், பந்தையும் பெரிதாகச் சுழற்றமாட்டார். லைனும் லெந்தும் மாறாமல் ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருப்பார், துடுப்பாட்டக்காரர்தான் தவறு செய்வார். ஹனிபா அந்த வகை. சினிமாவில் அவர் பாடியதைப் பாருங்கள். 1955இல் 'குலேபகாவலி', 1961இல் 'பாவமன்னிப்பு', பிறகு இளையராஜா இசையில் 1992இல் 'செம்பருத்தி', 1997இல் 'ராமன் அப்துல்லா'. நாற்பதாண்டு இடைவெளிக்கு இது சொற்பம். ஆனால் கூப்பிட்ட இடமெல்லாம் அவருக்கென்றே இருந்த இடம். காதல் பாட்டுக்கும் சோகப் பாட்டுக்கும் குரலை மாற்றிக்கொண்டு ஸ்டூடியோ ஸ்டூடியோவாக அவர் அலையவில்லை. அலைந்திருந்தால் டி.எம். சௌந்தரராஜனுக்கு அடுத்த வரிசையில் பத்தோடு பதினொன்றாக நின்றிருப்பார்.

குறையும் உண்டு. பல பாட்டுகளின் மெட்டுகள் ஹிந்திப் படங்களிலிருந்து வந்தவை. ஒரே சுருதி உயரத்தில் தொடர்ந்து கேட்டால் ஒரு கட்டத்தில் காது கொஞ்சம் இறங்கு என்று கெஞ்சும். அரசியல் ஆடுகளத்தில் அவருக்கு ஓட்டமே வரவில்லை. திமுகவுக்காகத் தொண்டை கிழியப் பாடியவர். அக்கட்சியின் மேடைகளில் அவர் பாட்டு முடிந்துதான் தலைவர்கள் பேச வருவார்கள் என்ற நிலை இருந்தது. ஆனாலும் 1957இல் நாகப்பட்டினத்திலும் 2002இல் வாணியம்பாடியிலும் தேர்தலில் தோற்றார். சட்ட மேலவை உறுப்பினர், வக்பு வாரியத் தலைவர் பதவிகள் கிடைத்தன. மக்கள் வாக்கு கிடைக்கவில்லை. பாட்டைக் கேட்கக் கூடியவர்கள் அத்தனை பேரும் வாக்குப் போட்டிருந்தால் கதை வேறு.

மறுபடி பாட்டுக்கு வருவோம். ஹனிபாவோடு ஒப்பிட அமெரிக்கக் கிராமிய இசையில் ஜானி கேஷ் என்றொருவர் இருந்தார். 1932இல் ஆர்கன்ஸோவில் பிறந்து பருத்திக் காட்டில் வேலை செய்துகொண்டே தேவாலயப் பாட்டுப் பாடி வளர்ந்தவர், 2003இல் இறந்தார். அவருடையது அடித்தொண்டைக் குரல், ஹனிபாவுக்கு நேர் எதிர். ஆனால் உத்தி ஒன்றேதான். எட்டும் சுரங்கள் கொஞ்சம், பக்கவாத்தியம் கொஞ்சம், சொல் மட்டும் தெளிவு. 1968இல் ஃபோல்சம் சிறைக்குள் போய்க் கைதிகளுக்கு முன்னால் பாடியபோது கேஷுக்குக் கை கொடுத்ததும் இதுதான். சங்கீத இலக்கணம் தெரியாத கூட்டம் முதல் தடவையிலேயே பாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றால் வேறு வழி கிடையாது.

அந்தப் பிடிப்புக்கு உதாரணம் இறைவனிடம் கையேந்தச் சொல்லும் பாட்டு. எழுதியவர் கிளியனூர் அப்துல் சலாம். அதில் எந்த மதத்தின் பெயரும் குறுக்கே நிற்காது. அதனால்தான் இந்து வீடுகளிலும் கிறிஸ்தவ வீடுகளிலும் அது ஒலிக்கிறது. வரி சாதாரணப் பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கும். ஹனிபா அதில் உருகவில்லை, அழவில்லை. தெரிந்த உண்மையைச் சொல்கிற தொனியில் பாடிவிட்டுப் போகிறார். கண்ணீர் விடும் வேலை கேட்பவருக்கு. இன்றைய பாடகர்கள் அதே பாட்டை எடுத்துக் குரலை நடுக்கி அழுது தீர்க்கிறார்கள். கேட்பவருக்கு மிச்சம் எதுவும் இல்லை.

2015 ஏப்ரல் 8இல் சென்னையில் அவர் காலமானபோது வயது 89. அதற்குப் பிறகு நம் கரையில் அவரைப் பார்த்துப் பாடுகிற இளைஞர்கள் குறையவில்லை. மீலாத் மேடைகளில் கேட்கிறேன். சுருதியை அவர் உயரத்துக்கு வைத்துவிடுகிறார்கள். இரண்டாவது சரணத்திலேயே மூச்சு முட்டுகிறது. அதை மறைக்க எக்கோவைத் திருகுகிறார்கள். சொல் ஒன்றும் விளங்குவதில்லை. பயிற்சி இல்லாத ஓட்டக்காரன் முதல் சுற்றில் பாய்ந்துவிட்டு மூன்றாம் சுற்றில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நாம் பாடசாலை மெய்வல்லுநர் போட்டிகளில் பார்த்ததுதானே.

போட்டி நடத்துகிற சங்கங்களுக்கும் பாடசாலைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இஸ்லாமிய கீதப் போட்டி வைக்கும்போது ஒரு சுற்றையாவது மைக் இல்லாமல், திறந்த மைதானத்தில் நடத்துங்கள். நடுவர்களைக் கடைசி வரிசையில் உட்கார வையுங்கள். சொல் விளங்குகிறதா என்பதற்கே பாதிப் புள்ளியைக் கொடுங்கள்.