வளையம் ஒன்றா, இரண்டா?

1/35 அளவில் ஒரு டாங்கி மாதிரியைச் செய்து முடித்து மேசையில் வைத்தால், விவரம் தெரிந்தவர் கேட்கும் முதல் கேள்வி: "எந்த பட்டாலியன்?" பதில் தெரியாமல் நின்றால், சங்கிலியை ஒட்டிய நேர்த்தியும் பெயின்ட் அடித்த பக்குவமும் அவர் கண்ணில் பாதிதான். இஸ்ரேலிய டாங்கி என்றால் இந்தக் கேள்வியிலிருந்து தப்பவே முடியாது. அந்த வண்டிகள் தங்கள் முகவரியை உடம்பிலேயே எழுதிக்கொண்டு அலைபவை.

அந்த எழுத்தைப் படிப்பது அப்படியொன்றும் கடினமில்லை. பீரங்கிக் குழாயைச் சுற்றியுள்ள வெள்ளை வளையங்கள், பிரிகேடுக்குள் அது எந்த பட்டாலியன் என்று சொல்லும். பக்கவாட்டில் பெரிதாக வரைந்த 'வி' வடிவக் குறி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில் கம்பெனி தெரியும். சுழல்கோபுரத்தில் கட்டியிருக்கும் துணியில் ஓர் எண்ணும் ஓர் எபிரேய எழுத்தும் இருக்கும். எண் பிளட்டூனைக் குறிக்கும், எழுத்து அதற்குள் எந்த டாங்கி என்பதை. எண்பலகையில் ராணுவத்துக்குரிய 'ட்சாதி' எழுத்து. எபிரேயம் தெரியாதவர்கள் 'கிமெல்' எழுத வேண்டிய இடத்தில் 'நூன்' எழுதிவிடுவது வழக்கமான விபத்து. இரண்டும் பார்ப்பதற்கு அவ்வளவு ஒற்றுமை.

விக்கிரமங்கலத்துக்காரர் ஒருவர் சுண்ணாம்புக்கல் லாரியை மாதிரியாகச் செய்து, எண்பலகையில் டிஎன் 61 என்பதற்குப் பதில் டிஎன் 72 என்று எழுதினால் என்ன ஆகும்? அரியலூர் லாரி திருநெல்வேலி லாரியாகிவிடும். நம் ஊர்ப் பிள்ளைகளே சிரிப்பார்கள். வளையம் தப்பிய டாங்கியும் அப்படித்தான், சிரிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாததால் தப்பிக்கிறது.

இக்கலையில் பல மரபுகள் உண்டு. ஜப்பானின் தமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஜெர்மானிய பாந்தர் டாங்கியை மோட்டாருடன் ஓடும் பொம்மையாக வெளியிட்டது. உள்ளே பேட்டரி அடங்கும் அளவுக்கு உடம்பு வேண்டும் என்று வைத்த அளவுதான் 1/35. உலகமே இன்று அந்தப் பேட்டரிக்குக் கட்டுப்பட்டிருக்கிறது! தமியா வழியில் வந்தவர்களுக்குச் சுத்தம்தான் தெய்வம்: இணைப்புக் கோடு தெரியக்கூடாது, டீக்கால் என்னும் குறி ஒட்டுப்படம் சுருங்கக்கூடாது. அமெரிக்காவின் ஷெப்பர்ட் பெய்னும் பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டனும் வண்டியைத் தனியே விடாமல் இடிந்த சுவர், மண், மனிதர் என்று ஒரு காட்சிக்குள் கொண்டுவந்தார்கள். பிறகு வந்தது ஸ்பானியப் பள்ளி. மிக் ஹிமெனெஸ் போன்றவர்கள் ஒரே நிறத்தை மேலே வெளிர், கீழே அடர் என்று ஓவியம்போல் ஏற்றி இறக்கினார்கள். பார்க்க அழகு, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பள்ளியின் துரு எனக்கு ஒவ்வாது. பாலைவன வெயிலில் நிற்கும் வண்டிக்குப் புழுதிதான் உண்மையான ஆடை. சினாய் மணலின் வெளிர்ப் புழுதி வேறு, கோலானின் கருங்கல் நிலம் வேறு. அந்த வேறுபாட்டைத் தீட்டாமல் எல்லா டாங்கிக்கும் ஆரஞ்சுத் துரு ஒழுக விடுவது சோம்பல்.

நான் மதிப்பது நான்காவது கூட்டத்தை. இவர்களுக்குப் புகைப்படம்தான் வேதம். ஒரு குறிப்பிட்ட டாங்கியை, ஒரு குறிப்பிட்ட நாளில் இருந்தபடி செய்வார்கள். இவர்கள் அதிகம் கைவைப்பது 'ஷோட் கல்' மீது. பிரிட்டனின் செஞ்சூரியனுக்கு 105 மில்லிமீட்டர் எல்7 பீரங்கியும் அமெரிக்க டீசல் எஞ்சினும் பொருத்தி, 1970இல் இஸ்ரேல் களமிறக்கிய வண்டி அது. 1973 அக்டோபரில் கோலானில் சிரிய டாங்கிகளைத் தடுத்து நின்றது. தைவானின் ஏஎஃப்வி கிளப் இதைத் தனி கிட்டாகவே வெளியிட்டது. அந்தப் போரில் ரிசர்வ் வீரர்கள் கிடங்குக்கு ஓடி, எந்த வண்டி தயாரோ அதில் ஏறி இரண்டும் மூன்றுமாகப் புறப்பட்டார்கள். ஆகவே குழாயில் உள்ள வளையமும் உள்ளே உட்கார்ந்திருப்பவரின் பட்டாலியனும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமில்லை. டீக்கால் தாளில் எல்லாம் ஒழுங்காக அச்சாகியிருக்கும். போர் அப்படி நடக்கவில்லை. அந்த வண்டி யாரை நோக்கிச் சுட்டது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொண்டு செய்வது நல்லது.

வளையத்தை எப்படிப் போடுவது? அசலில் 10 சென்டிமீட்டர் அகலமென்றால் மாதிரியில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. மாஸ்கிங் டேப்பை இழையாகக் கீறி இருபுறமும் சுற்ற வேண்டும். சுத்த வெள்ளை கூடாது, ஒரு சொட்டு மணல் நிறம் கலந்தால்தான் சிறிய அளவில் கண்ணுக்கு உறுத்தாது. ஏர்பிரஷ்ஷில் மெல்லிசாக மூன்று பூச்சு. காய்ந்தபின் ஸ்பாஞ்ச் துண்டால் ஓரங்களை லேசாக ஒற்றி உடைக்க வேண்டும், அசலும் சிப்பாய் கையில் பிரஷ் பிடித்து அடித்ததுதானே. கோபுரத் துணிக்கு, தண்ணீர் விட்ட பெவிகாலில் நனைத்த டிஷ்யூ பேப்பர் போதும். விறைப்பதற்குள் மடிப்பை விழவைத்துவிட வேண்டும்.

போட்டி மேசையில் இதற்கெல்லாம் கிடைக்கும் மதிப்பெண் சொற்பம். 1963இல் பிரிட்டனில் தொடங்கிய ஐபிஎம்எஸ் என்னும் மாதிரி செய்வோர் சங்கத்தின் வழி நடுவர்கள் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது இணைப்புகளை, சக்கரங்கள் தரையில் படிகின்றனவா என்பதை. அமெரிக்காவின் ஆம்ப்ஸ் அமைப்பு முதல், இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தாமல் ஒவ்வொரு மாதிரியையும் தனியே எடைபோட்டுத் தங்கம், வெள்ளி, வெண்கலம் தருகிறது. எனக்கு இந்த முறைதான் நியாயமாகப் படுகிறது. ஆயினும் இரண்டிலும் கைவேலைதான் முதலில்; தவறான வளையத்தோடு தங்கம் வாங்கிப் போக முடியும்.

இதே ஒழுங்கோடு ஆவடிப் பக்கமும் திரும்பலாம். அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் வெளிவந்த விஜயந்தாவில் இருந்ததும் அதே 105 மில்லிமீட்டர் எல்7. செஞ்சூரியனும் நம்மிடம் இருந்தது, 84 மில்லிமீட்டர் பீரங்கியோடு. 1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் போரில் பூனா ஹார்ஸின் அருண் கேதர்பால் தன் 21ஆம் வயதில் உயிர்விட்ட டாங்கிக்கு 'ஃபமகுஸ்டா' என்று பெயர். அந்தப் பெயரை எழுதாமல் அந்த வண்டியைச் செய்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. இந்திய ராணுவ எண்பலகையில் மேல்நோக்கிய அம்பும், ஆண்டைக் குறிக்கும் இரண்டு இலக்கமும் உண்டு. செய்பவர் பாதிப்பேர் அந்த அம்பையே மறந்துவிடுகிறார்கள்.

மேடையில் நிறுத்தியிருக்கும் டாங்கியைப் பார்த்து நிறத்தையும் குறியையும் எடுக்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விழாவுக்கு விழா பெயின்ட் அடிப்பவர்கள் பழைய குறியை மூடிவிடுவார்கள், அல்லது நினைவிலிருந்து புதிதாக எழுதிவிடுவார்கள். இஸ்ரேலின் லட்ருன் டாங்கி அருங்காட்சியகமானாலும் நம் ஊர் ரவுண்டானாவானாலும் கதை அதேதான். அங்கே போனால் கேமராவைத் திருப்ப வேண்டியது வார்ப்பு எண்கள்மீதும் பற்றவைப்புத் தழும்புகள்மீதும். அவற்றின்மேல் எத்தனை கோட்டிங் ஏறினாலும் விரலுக்குத் தட்டுப்படும்.