மாறியதும் மாறாததும்: மூவலூர் இராமாமிர்தத்தை வாசித்தல்

ஒரு பெண் தலைவர் தன் நிலைப்பாட்டில் நின்றால் பிடிவாதக்காரி என்கிறார்கள். மாற்றிக்கொண்டால் நிலையில்லாதவள் என்கிறார்கள். இவற்றையே ஆண் செய்யும்போது கொள்கை உறுதி, அரசியல் சாதுரியம் என்று பெயர் கிடைத்துவிடுகிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரை (1883–1962) இந்த அளவுகோல்களை ஒதுக்கிவிட்டு வாசிக்க விரும்புகிறேன்.

தாசிக் குடும்பமொன்றில் வளர்ந்த அவர், காங்கிரசில் இருந்தபோதே பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகப் பேசினார். பெரியார் காங்கிரசை விட்டு விலகியபின் அவரும் விலகிச் சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார். 1938இல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தார், சிறை சென்றார். 1949இல் பெரியார்–மணியம்மை திருமணத்தை ஏற்காமல் வெளியேறி, தி.மு.க.வில் சேர்ந்தார். அமைப்புகள் மாறின, பொட்டுக்கட்டு ஒழிய வேண்டும் என்ற கோரிக்கையை அவர் எங்கும் கைவிடவில்லை. தான் மதித்த தலைவரிடமே முரண்பட்டு வெளியேறிய அந்தத் துணிவை நான் பெரிதாக மதிக்கிறேன். தலைமைக்கு அடங்கி நடப்பதே பெண்ணின் கட்சி விசுவாசம் என்று இன்றும் எதிர்பார்க்கப்படுகிறது.

ஆனால் அவரது நாவல் என்னைச் சங்கடப்படுத்துகிறது. 1936இல் வெளிவந்த அந்நூலின் தலைப்பு 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்'. மோசம் பெண்கள் பக்கம். மதி ஆண் பக்கம். அந்த வாழ்வை உதறிவிட்டு ஒழிப்புக்காகப் பேசும் பெண்களும் கதையில் வருகிறார்கள் என்பது உண்மைதான். என்றாலும் கதையின் கோபம் பெருமளவு தாசிகளின் தந்திரங்கள் மீதே பாய்கிறது. அந்தத் தந்திரங்களுக்குச் சந்தை அமைத்துக் கொடுத்த மிராசுதாரரும் கோயில் நிர்வாகமும் அதே அளவுக்கு விசாரிக்கப்படவில்லை என்பது என் வாசிப்பு.

அதே காலத்தில், சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி கொண்டுவந்த ஒழிப்பு முயற்சியைப் பெங்களூர் நாகரத்தினம்மாள் உள்ளிட்ட தேவதாசிப் பெண்கள் எதிர்த்தார்கள். தங்கள் கலை, சொத்துரிமை, தத்தெடுக்கும் உரிமை இவையெல்லாம் என்னவாகும் என்பது அவர்கள் கேள்வி. 1947இல் சட்டம் வந்தது. பொட்டுக்கட்டு தடையானது; அந்தக் கேள்விக்கு முழுமையான பதில் வரவில்லை. இராமாமிர்தத்தின் கோரிக்கை சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சிறுமிகளை நேர்ந்துவிடுவதை எந்தக் கலையின் பெயராலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் கட்சிகளிடம் அவர் காட்டிய நெகிழ்வில் கொஞ்சம் இந்தப் பெண்களிடமும் காட்டியிருந்தால், கோரிக்கை தளர்ந்திருக்காது. அதன் மொழி மாறியிருக்கும்.

நோக்கத்தை விடாமல் வழியை மாற்ற முடியும் என்பதற்கு அவர் பெயரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1989இல் அவர் நினைவாக ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னாளில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. தெய்வத்தின் பெயரால் கட்டப்பட்ட தாலியை எதிர்த்தவர் பெயரில் தாலிக்குத் தங்கம்! 2022இல் அது, அரசுப் பள்ளியில் படித்த மாணவியர் உயர்கல்வி பெற மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமாக மாற்றப்பட்டது. பெண்ணுக்குக் கை கொடுப்பது என்ற நோக்கம் அப்படியே இருக்க, எதற்காகக் கை கொடுப்பது என்பது திருத்தப்பட்டது.

மாணவர் அமைப்பிலோ சங்கத்திலோ பொறுப்புக்கு வரும் தோழிகள் இதைக் கவனிக்க வேண்டும். எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளலாம். அதை எப்படிச் சொல்வது என்பதை, அதனால் பாதிக்கப்படப்போகும் பெண்களிடம் கேட்டபிறகு தீர்மானிக்கலாம்.