தேர் போகும் தெரு

ஆகஸ்ட் கடைசியில் புதுச்சேரியிலிருந்து தெற்கே போகும் சாலையில் காவி உடுத்திய கூட்டம் சாரைசாரையாக நடக்கும். தள்ளுவண்டிச் சப்பரத்தில் மாதா சுரூபம், அலறும் ஒலிபெருக்கி, கொப்புளம் வெடித்த கால்கள். 29-ஆம் தேதி வேளாங்கண்ணியில் கொடியேறுவதற்குள் போய்ச் சேர வேண்டும். நடப்பவர்களில் ஞானஸ்நானம் பெறாதவர்களும் உண்டு. மொட்டை போடவும் மெழுகுவர்த்தி ஏற்றவும் அவர்களுக்கு யாரும் மறைக்கல்வி நடத்த வேண்டியதில்லை.

கத்தோலிக்கச் சடங்குகளின் ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்று மேலைநாட்டு மரபுவாதிகளைக் கேட்டால், பழைய இலத்தீன் பூசையில் என்பார்கள். வத்திக்கான் சங்கம் 1963-இல் வழிபாட்டில் தாய்மொழிக்கு இடம் கொடுத்ததை அவர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. 2007-இல் போப் பதினாறாம் பெனடிக்ட் இலத்தீன் பூசைக்குக் கதவைத் திறந்தார். 2021-இல் பிரான்சிஸ் அதைப் பெருமளவு சாத்தினார். அங்கே அது பெரும் சண்டை. செஞ்சி வட்டாரத்துப் பங்குகளில் அதற்காக வருந்துபவர் அபூர்வம். இவர்களுடைய மரபு கொடிமரத்திலும் மந்திரித்த எண்ணெயிலும் கல்லறைத் திருநாளின் பூவிலும் இருக்கிறது. புனித வெள்ளியன்று ஒப்பாரிச் சாயலில் வாசிக்கும் வியாகுலப் பிரசங்கத்தில் இருக்கிறது. பீடத்தின் மொழி மாறியும் இவை அப்படியே நின்றன.

இந்த மண்வாசனை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சேசு சபையின் பிமென்டா செஞ்சியில் கிருஷ்ணப்ப நாயக்கரைச் சந்தித்தபோது, பிமென்டாவினுடையது பறங்கியர் மதம். 1606-இல் மதுரைக்கு வந்த அதே சபையின் நொபிலி, பூணூலும் குடுமியும் மதம் மாறுவோருக்குத் தடையில்லை என்று வாதாடினார்; 1623-இல் ரோம் ஒப்புக்கொண்டது. அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து, விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் வீரமாமுனிவரின் மாதா சேலை உடுத்திப் பெரியநாயகி ஆகிவிட்டாள்.

எதிர்ப்பும் வந்தது. 1703-இல் புதுச்சேரியில் இறங்கிய போப்பின் தூதர் தூர்னோன், பெரும்பாலும் நோய்ப்படுக்கையில் இருந்தபடியே விசாரித்து, அடுத்த ஆண்டு ஓர் ஆணை போட்டார். பிள்ளையார் பொறித்த தாலி கூடாது, மஞ்சள் தோய்த்த 108 இழைக் கயிறு கூடாது. இதற்காக அவரைத் திட்டுவது எளிது. ஆனால் அதே ஆணையில் இன்னொன்றும் இருந்தது: நோயுற்ற பறையர்களுக்குக் குருக்கள் அவர்கள் வீட்டுக்கே போய் அருளடையாளங்களை வழங்க வேண்டும். மேல்சாதியார் முகம் சுளிப்பார்கள் என்று மிஷனரிகள் தவிர்த்துவந்த வேலை அது. கடைசியில் 1744-இல் ரோம் கண்ட வழி, பறையர்களுக்கெனத் தனிக் குருக்கள்!

இங்கேதான் சிக்கல். பூ கட்டுகிறவர், தேர் இழுக்கிறவர், அசன விருந்துக்கு அண்டா தூக்குகிறவர் என்று ஆளுக்கொரு வேலை கொடுப்பது இச்சடங்குகளின் பெரிய பலம். எழுத்தறியாதவருக்கும் அதில் இடமுண்டு. ஆனால் ஊரிடமிருந்து திருச்சபை தேரை எடுத்துக்கொண்டபோது, யாருக்கு முதல் மரியாதை, எந்தத் தெருவில் தேர் நிற்கும் என்ற ஊர் வழக்கமும் கூடவே ஏறிக்கொண்டது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயிலே சாதிக்கொரு மண்டபமாகக் கட்டப்பட்டது. நடுவிலிருந்த தடுப்பு 1910-இல்தான் அகன்றது. அது பழங்கதை என்று தள்ளவும் முடியாது. செஞ்சி அடங்கிய அதே புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தின் எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் இறந்தனர். இரு தரப்பும் ஒரே செபமாலையைச் சொல்பவர்கள்.

ஆகவே சடங்கையே ஒழிக்கலாம் என்போர் உண்டு. அது பிழை. தேரை நிறுத்தினால் சாதி நின்றுவிடாது. எளியவர் கையிலிருக்கும் வழிபாடுதான் போகும். மரபில் கைவைக்க முடியாது என்பதும் வெறும் சாக்கு. பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கு ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த விதியை ரோம் 2016-இல் மாற்றியது, திருச்சபை இடிந்துவிடவில்லை. கொடியேற்றத்துக்கும் தேர்பவனிக்கும் பங்குத்தந்தையின் சம்மதம் வேண்டும், அவருக்கு மேலே ஆயர் இருக்கிறார். பங்கின் எல்லாத் தெருக்களுக்கும் போகாத தேருக்கு மந்திரிப்பு கிடையாது என்று ஆயர்கள் ஒரு சுற்றறிக்கை விடட்டும். அடுத்த திருவிழாவுக்கு முன்பே விடட்டும்.